பிறந்த ஊர்: டப்ளின்

கல்லூரியில் சேரும்போது எல்லோரும் ஒரு படிவம் நிரப்பியிருப்பீர்கள். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தந்தை பெயர், முகவரி... பேனா நிற்காமல் ஓடியிருக்கும். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

1915 மார்ச் மாதம் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், அலெக்சாண்டிரியா என்ற சின்ன ஊரில் 22 வயது இளைஞர் ஒருவர் இதே மாதிரி ஒரு படிவத்தை நிரப்பினார். முதல் உலகப்போர் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. அது ராணுவத்தில் சேருவதற்கான படிவம். கிளாட் ஜோசப் பேட்ரிக் நன்னி என்ற பெயரில் படையில் பதிவானார். பிறந்த ஊர் என்ற இடத்தில் டப்ளின், அயர்லாந்து.

ஊர் சுத்தமாகத் தவறு. பெயரும் பாதிதான் சரி!

அவர் பிறந்தது இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் ஹேஸ்டிங்ஸ் நகரில், 1892 டிசம்பர் 24 அன்று. அப்போது வைத்த பெயர் ஸ்டீபன் சார்ஜென்ட் கிளாட் நன்னி. சார்ஜென்ட் என்பது அம்மா வீட்டுக் குடும்பப் பெயர். படையில் சேரும்போது ஸ்டீபனும் இல்லை, சார்ஜென்டும் இல்லை. அந்த இடத்தில் ஜோசப், பேட்ரிக் என்று இரண்டு பெயர்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இந்த மனிதர் பின்னாளில் விக்டோரியா கிராஸ் வாங்கினார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் போர்க்கள வீரத்துக்குத் தரப்பட்ட மிக உயர்ந்த விருது அது. விருது வாங்கியவர் என்பதால் புத்தகங்களில் ஏறினார், அங்கேயும் பல காலம் டப்ளின்காரராகவே இருந்தார். ஹேஸ்டிங்ஸ் பதிவேட்டைத் தேடி எடுத்து முடிச்சை அவிழ்க்க வெகு காலம் பிடித்தது.

ஒரு மனிதர் ஏன் தன் பிறந்த ஊரை மாற்றிச் சொல்ல வேண்டும்? அதற்கு அவர் கனடா போன கதை தெரிய வேண்டும்.

அம்மா இறந்த பிறகு குடும்பம் சிதறிப் போய், விடுதியில் வளர்ந்த பிள்ளை கிளாட். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு ‘தீர்வு’ வைத்திருந்தார்கள். கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பிவிடுவது! 1869-ல் மரியா ரை, ஆனி மெக்ஃபர்சன் என்ற இரண்டு பெண்மணிகள் தொடங்கி வைத்தது இது. 1882-ல் டாக்டர் பர்னார்டோவின் அமைப்பும் இதில் இறங்கியது. பிறகு ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம் என்று திருச்சபைக்கு ஒரு சங்கம். மொத்தத்தில் சுமார் 1,00,000 பிள்ளைகள் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கனடா போயிருக்கிறார்கள். இவர்களை அங்கே ‘ஹோம் சில்ட்ரன்’ என்பார்கள். தமிழில் விடுதிப் பிள்ளைகள் என்று வைத்துக் கொள்ளலாம். பெயரில் வீடு இருக்கிறது, அது அனாதை விடுதியைக் குறிக்கிற வீடு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்லோரும் அனாதைகள் இல்லை. பலருக்கு அம்மாவோ அப்பாவோ இருவருமோ உயிரோடு இருந்தார்கள். வறுமை, நோய், வேலை இல்லாமை... கொஞ்ச நாள் பார்த்துக் கொள்ளுங்கள் என்று விடுதியில் விட்டுப் போனவர்கள் திரும்பி வந்து கேட்டபோது, பிள்ளை கனடாவில் இருக்கிறது என்ற பதில் கிடைத்த கதைகளும் உண்டு.

இதன் கணக்கைப் பார்த்தால் எல்லாம் எளிதாகப் புரிந்துவிடும். ஒரு பிள்ளையை இங்கிலாந்து விடுதியில் வைத்துப் பராமரித்தால் ஒவ்வொரு வருஷமும் செலவு. கப்பல் டிக்கெட் எடுத்து அனுப்பினால் ஒரே ஒரு தடவை செலவு. காலியான கட்டிலில் அடுத்த பிள்ளையைப் படுக்க வைக்கலாம். மறுபக்கம் கனடாவில் நிலம் ஏராளம், கூலிக்கு ஆள் இல்லை. விவசாயி ஒரு விண்ணப்பம் எழுதினால் பையன் வந்து சேருவான். கனடா அரசாங்கமும் தன் பங்குக்குத் தலைக்கு 2 டாலர் என்று சங்கங்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. இங்கே செலவு குறைந்தது, அங்கே கூலி மிச்சமானது, சங்கத்துக்குப் புண்ணியம். வரவு செலவில் எந்தப் பக்கத்திலும் எழுதப்படாதது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

எல்லாம் கொடுமை என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. நல்ல வீடு வாய்த்து, சொந்தப் பிள்ளை போல வளர்ந்து, அந்தப் பண்ணைக்கே வாரிசானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் யோகத்தைப் பொறுத்தது. தத்தெடுப்பு என்றால் சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்குவது என்று அந்தக் காலத்துச் சிறுமி ஒருத்தி விளக்கம் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. பிரிட்டனிலிருந்து ஆண்ட்ரூ டாயில் என்ற அதிகாரி கனடா போய்ப் பார்த்துவிட்டு 1875-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். பிள்ளைகளைப் பண்ணைகளில் விட்ட பிறகு யாரும் ஒழுங்காகப் போய்ப் பார்ப்பதில்லை என்பது அதன் சாரம். கொஞ்ச நாள் பரபரப்பு, பிறகு கப்பல்கள் மறுபடி ஓடின. 1895-ல் ஒண்டாரியோவில் ஜார்ஜ் கிரீன் என்ற பர்னார்டோ பையன் வேலைக்குப் போன பண்ணையில் கேட்பாரற்று இறந்து போனான். உடம்பைப் பார்த்தவர்கள் அதிர்ந்து போனார்கள். வழக்கு நடந்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை. பத்திரிகைகளில் பலர் கோபப்பட்டது எதற்குத் தெரியுமா? நோயும் குற்றமும் கலந்த இங்கிலாந்தின் ‘குப்பைகளை’ ஏன் கனடாவுக்கு அனுப்புகிறார்கள் என்பதற்காக!

இந்த வெறுப்பு எவ்வளவு சகஜமாக இருந்தது என்பதற்குக் குழந்தைகளுக்கான கதையிலேயே சாட்சி உண்டு. 1908-ல் வந்த ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாவலைப் படித்தவர்கள் யோசித்துப் பாருங்கள். பண்ணை வேலைக்குப் பையன் வேண்டும் என்றதும் விடுதிப் பையனை எடுக்கலாம் என்று மாத்யூ சொல்வார், மரில்லா முடியவே முடியாது என்று விடுவார். எல்லோருக்கும் பிடித்த, நல்ல மனசுக்காரியான மரில்லாதான்! எழுதியவர் அதைக் குற்றமாகக்கூட எழுதவில்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள்.

கிளாட் 1905-ல் ஒட்டாவா வந்து சேர்ந்தான். வயது 12. கத்தோலிக்கச் சங்கம் அந்த நகரில் செயின்ட் ஜார்ஜ் ஹோம் என்ற விடுதி நடத்திக் கொண்டிருந்தது. கன்னியாஸ்திரீகள் பொறுப்பில் இருந்த இடம். கப்பலில் வரும் பிள்ளைகள் அங்கே சில நாள் இருப்பார்கள், பிறகு ரயிலேற்றி ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பண்ணைக்கு அனுப்புவார்கள். அண்ணன் ஒரு ஊர், தம்பி இன்னொரு ஊர் என்று பிரிந்து போவது சர்வ சாதாரணம்.

கிளாட் போய்ச் சேர்ந்த இடம் ஒண்டாரியோவின் கிழக்கு மூலையில், கிளென்கேரி மாவட்டத்தில், நார்த் லான்காஸ்டர் பக்கம் இருந்த ஒரு மெக்டொனால்ட் குடும்பம். அந்த வட்டாரத்தில் மெக்டொனால்ட் என்று கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும். ஒரே பெயரில் பல பேர் இருந்ததால் பட்டப்பெயர் வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். நம் கிராமங்களில் நடப்பதுதான். இவர்களும் வந்தேறிகளே. ஸ்காட்லாந்து மலைநாட்டில் நிலம் பறிபோயும் பிழைக்க வழியில்லாமலும் 18-ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வம்சம். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். ஆனால் அவர்கள் பாட்டன், பூட்டன், பாதிரியார் எல்லோரோடும் கூட்டமாக வந்தவர்கள். தாத்தா எந்த மலையிலிருந்து வந்தார் என்று அவர்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். கிளாட் தனியாக வந்தவன். யார் பிள்ளை, எந்த ஊர் என்பதே முதல் கேள்வியாக இருக்கும் ஒரு சமூகத்தில் பன்னிரண்டு வயதில் வந்து இறங்கினான்.

அடுத்த பத்து வருஷம் பண்ணை வேலை, அக்கம்பக்கம், தேவாலயம், பிறகு உள்ளூர் மிலிஷியா. போர் வந்தது. 1915 மார்ச்சில் 38-வது பட்டாலியனில் சேர்ந்தார். எண் 410935.

சுமார் 10,000 விடுதிப் பிள்ளைகள் முதல் உலகப்போரில் கனடாப் படையில் சேர்ந்தார்கள் என்று சொல்கிறார்கள். தேசபக்தி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் பண்ணையாளின் நிலைமையிலிருந்து பாருங்கள். கனடா சிப்பாய்க்கு நாளொன்றுக்கு 1 டாலர் சம்பளம், களப்படி 10 சென்ட். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் மாதம் பிறந்தால் காசு. சாப்பாடு, உடுப்பு, பூட்ஸ் இலவசம். அதைவிடப் பெரிய விஷயம், அட்லாண்டிக்கைத் திரும்பக் கடக்க அரசாங்கமே டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறது! விட்டுவந்த அம்மாவையோ தங்கையையோ தேடிப் பார்க்க வேறு வழியே இல்லாதவர்கள் பலர். விடுப்பில் லண்டன் போய் பழைய விலாசத்தில் கதவைத் தட்டியவர்கள் இருக்கிறார்கள். திறந்தவரைத் தெரியவில்லை என்று திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

படிவத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. நெருங்கிய உறவினர் யார்? செத்தால் தந்தி யாருக்குப் போக வேண்டும் என்பதுதான் இதன் அர்த்தம். கனடா ஆவணக் காப்பகம் அந்தப் போரில் சேர்ந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கோப்புகளை இணையத்தில் ஏற்றி முடித்துவிட்டது. விடுதிப் பிள்ளைகளின் கோப்புகளில் இந்த இடத்தைப் பார்த்தால் மனசு கனத்துப் போகும். பிறந்ததிலிருந்து பார்க்காத அண்ணன், வேலை பார்த்த பண்ணை முதலாளி, சில இடத்தில் விடுதியின் பெயரே.

கிளாட் நன்னி டப்ளின் என்று சொன்னதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அவருக்கே சரியாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். சிறு வயதிலேயே விடுதி, பிறகு கப்பல். பிறந்த ஊரை ஞாபகப்படுத்த வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா? இரண்டாவது, தெரிந்தே மாற்றியிருக்கலாம். இங்கிலாந்திலிருந்து தனியாக வந்த பையன் என்றால் உடனே விடுதிப் பையன் என்று முத்திரை விழும். டப்ளினில் பிறந்த ஜோசப் பேட்ரிக் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒண்டாரியோவில் அயர்லாந்துக் கத்தோலிக்கர் ஆயிரம் ஆயிரம் பேர். ஜோசப், பேட்ரிக் என்ற இரண்டு பெயர்களும் ஊருக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைப் பார்த்தால், இரண்டாவது காரணத்துக்கே எடை கூடுகிறது. ஊகம்தான். ஆனால் அதுவரை அவரைப் பற்றிய எல்லாக் காகிதத்தையும் அடுத்தவர்கள் நிரப்பியிருந்தார்கள். விடுதிப் பதிவேடு, கப்பல் பட்டியல், பண்ணைக்கு அனுப்பிய குறிப்பு... இந்தப் படிவத்தில்தான் கேள்வி அவரிடமே கேட்கப்பட்டது.

38-வது பட்டாலியன் முதலில் போனது போருக்கு அல்ல, பெர்முடா தீவுக்கு. காவல் வேலை. 1915 ஆகஸ்டிலிருந்து ஏறக்குறைய பத்து மாதம் வெயிலும் கடலும் பார்த்துவிட்டு, 1916 ஆகஸ்டில் பிரான்ஸ் மண்ணில் கால் வைத்தார்கள். நவம்பரில் சோம் போர்க்களம். முழங்கால் சேறு.

1917 ஏப்ரல் 9, விமி மேடு. கனடாவின் நான்கு டிவிஷன்களும் முதல் முறையாகச் சேர்ந்து தாக்கிய இடம். கனடா தரப்பில் 3,598 பேர் செத்து, காயப்பட்டவர்களையும் சேர்த்து 10,602 பேர் விழுந்த போர். 38-வது பட்டாலியன் நாலாவது டிவிஷனில் இருந்தது. அதற்கு விழுந்த பங்கு மேட்டின் மிகக் கடினமான வடக்குப் பகுதி. அன்று இதே பட்டாலியனின் கேப்டன் தெய்ன் மெக்டவல், கூட இரண்டே சிப்பாய்களை வைத்துக் கொண்டு, பின்னால் பெரிய படை நிற்பது போலப் பாவனை காட்டி, சுரங்க அறையில் இருந்த 77 ஜெர்மானியர்களைச் சரணடைய வைத்தார். சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம். அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

நன்னி லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இருந்தார். குழுவில் கூட இருந்த எல்லோரும் விழுந்துவிட்டார்கள். அவருக்கு உடம்பில் இரண்டு இடத்தில் காயம். குழுவே சேர்ந்து சுமக்கிற துப்பாக்கியையும் குண்டுகளையும் ஒற்றை ஆளாகத் தூக்கிக் கொண்டு முன்னால் போனார். 200 பேருக்கு மேல் வந்த எதிர்த்தாக்குதலைத் தனியாக நிறுத்தினார். காயத்தோடு இன்னும் மூன்று நாள் களத்தை விட்டு வரவில்லை. இது ராணுவத்தின் பாராட்டுக் குறிப்பில் இருக்கும் விவரம். இதற்கு டி.சி.எம். எனப்படும் பதக்கம் கொடுத்தார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு விக்டோரியா கிராஸுக்கு அடுத்தபடி அதுதான். இரண்டே மாதத்தில், ஜூனில், அவியோன் என்ற இடத்தில் நடந்த சண்டையில் ராணுவப் பதக்கம் எனப்படும் எம்.எம். வாங்கினார்.

1918 செப்டம்பர். ஜெர்மனியின் முக்கியமான தற்காப்பு வரிசை ஒன்று ட்ரோகூர் என்ற ஊருக்கும் கேயான் என்ற ஊருக்கும் நடுவில் இருந்தது. முள்கம்பி, கான்கிரீட், சுரங்கம் என்று அடுக்கடுக்கான அரண். செப்டம்பர் 2 அன்று அதை உடைப்பதாகத் திட்டம். முந்தின நாளே ஜெர்மானியர்கள் கடுமையாகக் குண்டு பொழிந்துவிட்டு எதிர்த்தாக்குதலுக்கு வந்துவிட்டார்கள். நன்னி அப்போது பின்னால், கம்பெனி தலைமையிடத்தில் இருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. தானாகவே எழுந்து, பீரங்கிக் குண்டு விழும் இடத்துக்குள்ளே நடந்து, முன்வரிசைக் காவல் நிலைகளுக்குப் போனார். ஒவ்வொரு நிலையாகப் போய் அங்கே பதுங்கியிருந்தவர்களுக்குத் தைரியம் சொன்னார். தாக்குதல் முறியடிக்கப்பட்டது. மறுநாள் பெரிய தாக்குதலில் எப்போதும் தன் கூட்டத்துக்கு முன்னாலேயே ஓடினார், பலத்த காயம் பட்டு விழும் வரைக்கும்.

முதல் நாள் செய்ததைக் கவனியுங்கள். துப்பாக்கியால் யாரையும் சுட்டதாக அதில் ஒரு வரி இல்லை. பயந்து போய்த் தனித்தனியாக உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒருவர் நடந்து போய்க் கூட நின்றிருக்கிறார். விமியில் 200 பேரைத் தடுத்ததைவிட இது பெரிய காரியமாகத் தோன்றுகிறது.

செப்டம்பர் 2 அன்று நடந்த சண்டைக்காக மட்டும் கனடாப் படையில் ஏழு பேருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. நன்னி அதில் ஒருவர். ஆனால் அவருக்கு அது தெரியாது. செப்டம்பர் 18 அன்று காயத்தால் இறந்து போனார். வயது 25. போர் முடிய இன்னும் எட்டு வாரம்கூட இல்லை. விருது அறிவிப்பு அரசிதழில் வந்தது டிசம்பர் 14-ல்.

விக்டோரியா கிராஸ் வாங்கும் சிப்பாய்க்கு அப்போது வருஷத்துக்கு 10 பவுண்ட் ஓய்வூதியம் இருந்தது. உயிரோடு இருந்தால்தான். 1919 டிசம்பரில் கனடா அரசாங்கம் ‘நினைவுச் சிலுவை’ என்று ஒரு வெள்ளிப் பதக்கத்தை உருவாக்கியது. போரில் இறந்தவரின் அம்மாவுக்கும் மனைவிக்கும் அது அப்போது தரப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அம்மாவும் இல்லாத, கல்யாணமும் ஆகாத விடுதிப் பிள்ளைகளை அந்த விதியை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

போர் முடிந்ததும் கப்பல்கள் மறுபடி கிளம்பின. இவ்வளவு பேர் செத்துக் கொடுத்த பிறகும்! 1923-24 குளிர்காலத்தில் பண்ணைகளில் இருந்த விடுதிப் பையன்கள் சிலர் அடுத்தடுத்துத் தற்கொலை செய்து கொண்டார்கள். பிரிட்டனிலிருந்து மார்கரெட் பாண்ட்ஃபீல்டு தலைமையில் ஒரு குழு வந்து விசாரித்தது. பெற்றோர் துணை இல்லாமல் வரும் 14 வயதுக்கு உட்பட்டவர்களை இனி அனுமதிப்பதில்லை என்று கனடா அதன் பிறகுதான் முடிவு செய்தது. பிரிட்டன் அரசு மன்னிப்புக் கேட்டது 2010 பிப்ரவரியில், கனடா நாடாளுமன்றத்தின் கீழவை மன்னிப்புத் தீர்மானம் போட்டது 2017 பிப்ரவரியில். அதற்குள் அந்த ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். பலர் தாங்கள் யார் என்பதைப் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை. தாத்தா இறந்த பிறகு பெட்டியைத் திறந்தால் பர்னார்டோ விடுதியின் காகிதம் இருக்கிறது, அப்படித் தெரிந்து கொண்ட குடும்பங்கள் ஏராளம். அவர்கள் வீட்டிலும் ஆளுக்கு ஒரு டப்ளின் இருந்திருக்கிறது.

நன்னியின் கல்லறை பிரான்சில் ஒபின்யி என்ற ஊரின் ராணுவ இடுகாட்டில் இருக்கிறது. அவருடைய விக்டோரியா கிராஸ் போய்ச் சேர்ந்தது ஒண்டாரியோவில் கார்ன்வால் நகரத்துப் படைப்பிரிவின் கூடத்துக்கு, கிளென்கேரிக்கு மிகப் பக்கத்தில். டொராண்டோவில் சித்தப்பா, மாமா வீடு உள்ளவர்கள் அங்கிருந்து மாண்ட்ரியாலுக்குக் காரில் போவதுண்டு. அந்த 401 நெடுஞ்சாலையில் கார்ன்வால் தாண்டியதும் லான்காஸ்டர் என்று ஒரு பலகை வரும். அந்த இடத்திலிருந்து வடக்கே உள்ளே போனால் அவர் வேலை பார்த்த ஊர்ப்பக்கம்.